கனவுக் காருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்ட நாளிலிருந்து, கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையிலான எங்கள் கரையோர ஊர்களில், ஐம்பதைத் தொட்ட ஆண்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு காரில்தான் வந்து நிற்கிறது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட வாசல் அது. நாற்பத்தைந்தில் “அடுத்த வருடம் பார்க்கலாம்” என்று ஒத்திவைத்தவருக்கு வாசல் திறந்தபோது ஐம்பதாகிவிட்டது. இனியும் பொறுத்தால் ஓட்டுவதற்குக் கண்பார்வை இருக்குமா என்று அவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

அவரைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை எங்கள் ஊர்களில் கார் என்றால் பழைய மொறிஸ் மைனரும் ஒஸ்டினும்தான். அதுவும் டாக்டர் வீட்டிலும் பெரிய போடியார் வீட்டிலும். அதற்குப் பின்னர் வந்த தலைமுறை யுத்தத்தில் வளர்ந்தது. சைக்கிளிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் வரிசையாய் நின்ற இளைஞர்களின் பக்கத்தால் அமைச்சர்மாரின் பஜெரோக்கள் நிற்காமல் போயின. அன்று பிறந்த ஆசையை வெறும் பகட்டு என்று தள்ளிவிடலாகாது.

தேவையும் இல்லாமலில்லை. கல்முனைக்கு ரயில் கிடையாது. கிட்டிய நிலையம் ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் தள்ளி மட்டக்களப்பில் இருக்கிறது. கொழும்பு என்றால் ஓர் இரவு முழுவதும் பஸ் பயணம். அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னால், வயது முதிர்ந்த உம்மாவை எதில் ஏற்றுவது? ஆனால் அந்தத் தேவைக்கு ஓடக்கூடிய ஒரு கார் போதும். கனவுக்குத்தான் குறிப்பிட்ட ஒரு கார் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பணத்தைப் பற்றியே நான் எழுதுகிறேன்.

புதிய காரின் விலை எதனால் ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 2020இன் தொடக்கத்தில் டொலர் ஒன்று 180 ரூபாயளவில் இருந்தது; வாசல் திறந்தபோது 300 ரூபாயளவில். ஜப்பானில் விலை ஏறாவிட்டாலும் இங்கே மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. அதன்மேல் 2025இல் வாசல் திறந்தபோது 20 சதவீதச் சுங்கத் தீர்வை, அத்தீர்வையில் பாதியளவு மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தித் தீர்வை, விலை உயர்ந்தவற்றுக்கு ஆடம்பர வரி. இவை எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. பல கார்களில் வரிதான் காரை விடப் பெரியது. வாழ்நாள் கனவுக்குச் செலவிடுகிறேன் என்று நினைப்பவரின் பணத்தில் பெரும்பகுதி திறைசேரிக்குப் போகிறது. அரசுக்கு வரி தேவை, மறுக்கவில்லை. அதைக் கனவுக் கணக்கில் எழுதக்கூடாது என்பதே என் வாதம்.

“கார் வாங்கினால் நட்டமில்லை, காணி மாதிரி” என்று இன்னொரு நம்பிக்கை ஊன்றிவிட்டது. வாசல் மூடியிருந்த காலத்தில், ஓடித் தேய்ந்த வாகனத்தைக்கூட வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். தடை செய்த வேலை அது, இரும்பின் பெருமையல்ல. “திரும்பவும் மூடுவார்கள், அப்போது விலை ஏறும்” என்று என்னிடம் ஒருவர் சொன்னார். நாடு மறுபடி வங்குரோத்தானால் தனக்கு இலாபம் என்று கணக்குப் போடுகிறவரோடு என்ன பேசுவது? 2022 ஜூலையில் கியூஆர் அட்டை முறை தொடங்கியபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் கொடுத்தார்கள். கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஒரு வழி போகவே அது போதாது. எத்தனை கனவுகள் முற்றத்தில் துணி போர்த்திக் கிடந்தன என்பதை அதற்குள் மறந்துவிட்டோம்.

இனி, எங்கள் கரைக்கே உரிய கணக்கு. இங்கே மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்தே மணம் முடிக்கிறோம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடு. அத்திவாரம் ஒரு வருடம், சுவர் ஒரு வருடம், கூரைக்கு வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் காசு என்று வாப்பாமாரின் நடுவயது முழுவதும் சீமெந்துத் தூசியில் கழிகிறது. 2004 டிசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடல், மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இப்படிக் கட்டிய வீடுகளையும் கொண்டுபோனது. எஞ்சிய வாப்பாமார் மறுபடி முதற்கல்லிலிருந்து தொடங்கினார்கள்.

இந்தச் சீதன வழக்கத்தை நான் ஆதரிப்பவனல்ல. மிம்பர்களில் எத்தனையோ குத்பாக்கள் ஓதியாயிற்று, வழக்கம் அசையவில்லை. அது இருக்கும்வரை, ஐம்பது வயது வாப்பாவின் சேமிப்பு அவர் ஒருவருடையது அல்ல. மனைவியின் பெயரிலுள்ள வளவை ஈடுவைத்துக் கார் எடுத்தவர்களை அறிவேன். அவளிடம் கேட்டார்களா என்றால், “சொன்னேன்” என்கிறார்கள். சொல்வது வேறு, கேட்பது வேறு.

லீசிங் இருக்கிறதே என்பார்கள். பேச்சுக்கு, 90 இலட்ச ரூபாய்க் காருக்குப் பாதியைக் கையில் கொடுத்து, மீதி 45 இலட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,04,700 ரூபாய். முடிவில் வட்டி மட்டும் 17 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டும். இஸ்லாமிய நிதிமுறையில் இஜாரா என்று எடுத்தால் வட்டியின் பாவம் இல்லை என்று மனம் ஆறலாம். பெயர் மாறினாலும் மாதம் முதலாம் திகதி வந்துவிடும். ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்பவர் இன்னொன்றும் யோசிக்கட்டும்: ஐம்பதில் தொடங்கிய தவணை முடியும்போது வயது ஐம்பத்தைந்து.

அப்படியானால் எவ்வளவு? வஸிய்யத்தில் மார்க்கம் ஒரு மனிதனுக்குத் தன் விருப்பப்படி மூன்றிலொன்றை விட்டிருக்கிறது, மிச்சம் வாரிசுகளுக்கு. இதை மார்க்கத் தீர்ப்பாகச் சொல்லவில்லை, அந்தத் தகுதி எனக்கில்லை. ஓர் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். கடன் போக, கையிலுள்ள சேமிப்பில் மூன்றிலொரு பங்கு கனவுக்கு; அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம். அந்தப் பங்குக்குள் கூசாமல் செலவழியுங்கள். மகளின் வீடு முடியட்டும் என்று எழுபது வரை காத்திருக்கவும் தேவையில்லை. அவ்வளவு தியாகம் செய்த வாப்பாமாரின் முகங்களில் பிற்காலத்தில் மகிழ்ச்சியை விடக் கசப்பைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

மூன்றிலொரு பங்குக்கு பிராடோ வராது. பழைய கொரோலா ஒன்று வரலாம். அதற்கும் போதாதவருக்கு அதைவிடப் பழைய சனியோ லான்சரோ. முழுப் பணத்தையும் கையில் கொடுத்து வாங்குங்கள். பார்க்கப் போகும்போது நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். எங்கள் கரையில் ஓடிய வாகனத்துக்கு மேலே பெயின்ட் பளபளத்தாலும் கீழே உப்புக்காற்று தின்றிருக்கும். படுத்துப் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.