குச்சியை வைத்த பிறகு கையை வை!



"எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன்னு சொல்ற. பன்னெண்டு வோல்ட்டுக்கு மேல எதையாச்சும் தொட்டிருக்கியா தம்பி?"

எங்கள் தெரு ரேடியோ சார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? முதலாண்டு முதல் இன்று வரை லேபில் நாம் தொட்டதெல்லாம் பிரெட்போர்டு, 5 வோல்ட், 12 வோல்ட். தப்பாக இணைத்தால் ஐ.சி. சூடாகும், கருகின வாசனை வரும், லேப் அசிஸ்டன்ட் அண்ணன் முறைப்பார். அவ்வளவுதான் நமக்குத் தண்டனை!

ரேடியோ சார் தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013-ல் நாட்டில் தந்திச் சேவையே நின்றுபோனது. ஆனால் சார் வீட்டு மாடியறையில் மோர்ஸ் சாவியின் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவர் உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். 'ஹாம்' என்பார்களே, அவர்களில் ஒருவர். வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக் குறி வைத்திருக்கிறார். அந்த மாடியறையில் அவர் கையாலேயே கட்டிய வால்வு பவர் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதைவிட, அதன் மூடியைத் திறந்த அன்று நான் கற்றுக்கொண்டதைப் பற்றி.

பெட்டி என்ன செய்கிறது? டிரான்ஸீவரிலிருந்து வரும் சிறிய சிக்னலைப் பெருக்கி ஏரியலுக்கு அனுப்புகிறது. உள்ளே 813 என்ற ஒற்றை வால்வு. உயரமான கண்ணாடிக் குப்பி, தலையில் அனோடுக்கு ஒரு தொப்பி. அதன் ஃபிலமென்ட்டுக்கு மட்டும் 10 வோல்ட்டில் 5 ஆம்பியர் வேண்டும். அதாவது வால்வு ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே 50 வாட் சாப்பிட்டுவிடும்! அனோடில் 2,000 வோல்ட். அதற்கு ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மர், டயோடு வரிசை, 10 மைக்ரோஃபாரட் ஆயில் கண்டென்சர். வெளியே வரும் பக்கம் தடித்த செம்புக் கம்பிச் சுருளும் இரண்டு வேரியபிள் கண்டென்சர்களும் சேர்ந்த பை நெட்வொர்க். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள். நம் பாடப் புத்தகத்துச் சர்க்யூட் படம் எழுந்து நின்றது போல இருந்தது எனக்கு.

சென்ற தீபாவளி விடுமுறையில், அனோடு தொப்பியில் மாட்டும் கிளிப் பச்சை பிடித்துவிட்டது, சுத்தம் பண்ணலாம் என்றார் சார். சுவிட்சை அணைத்தார். பிளக்கையும் பிடுங்கினார். மூடியின் திருகுகளை நான் கழற்றினேன். பிளக்தான் வெளியே கிடக்கிறதே, இனி என்ன பயம்? கிளிப்பைக் கழற்றக் கையை நீட்டினேன்.

"தம்பி, கையை எடு!"

சார் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. முன்கையில் ஒரு அடியும் விழுந்தது. சுவரில் மாட்டியிருந்த ஒரு குச்சியை எடுத்தார். காய்ந்த பிளாஸ்டிக் குழாய், நுனியில் பித்தளைக் கொக்கி, கொக்கியிலிருந்து ஒரு தடித்த ஒயர். ஒயரின் மறுமுனையை முதலில் சேஸிஸில் கடித்துவிட்டு, கொக்கியைக் கண்டென்சரின் முனையில் வைத்தார்.

'பட்டீர்!'

நீல வெளிச்சம். கீழே சமையலறையிலிருந்து சாரின் மனைவி, "என்னங்க ஆச்சு?" என்று குரல் கொடுத்தார். கொக்கியின் நுனியில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. என் விரல் அதே இடத்தை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது நண்பர்களே!

பிளக் பிடுங்கிய பெட்டியில் மின்சாரம் எங்கிருந்து வந்தது? கண்டென்சருக்குக் குறுக்கே 'பிளீடர்' என்று ஒரு ஒயர்-வவுண்டு ரெசிஸ்டர் இருக்கும். 1 லட்சம் ஓம். பெட்டியை அணைத்ததும் சார்ஜை வடித்துவிடுவது அதன் வேலை. 1 லட்சம் ஓம், 10 மைக்ரோஃபாரட் என்றால் டைம் கான்ஸ்டன்ட் 1 வினாடி. 5 வினாடியில் 2,000 வோல்ட் சுமார் 13 வோல்ட்டாக இறங்கிவிடும். நாம் தேர்வுக்கு மனப்பாடம் செய்த அதே ஃபார்முலாதான்! ஆனால் அந்த ரெசிஸ்டர் பெட்டி ஓடும் நேரமெல்லாம் 40 வாட் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். அப்படி வெந்து வெந்து உள்ளே கம்பி அறுந்து ஓபன் ஆகியிருந்தது. வெளியே பார்த்தால் நல்ல ரெசிஸ்டர்தான். ஸ்டாண்ட்-பையில் வால்வு கட்-ஆஃபில் இருந்ததால் அதன் வழியாகவும் சார்ஜ் வடியவில்லை. நல்ல ஆயில் கண்டென்சர், பிடித்ததை விடாமல் வைத்திருந்தது.

அதில் இருந்த ஆற்றலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை சி.வி. ஸ்கொயர்: 20 ஜூல். எண் சிறியதுதான். இரண்டு கிலோ கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அது காலில் விழுந்தால் வீக்கம். நெஞ்சின் குறுக்கே ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ந்தால்? இந்தக் கட்டுரையை வேறு யாராவது 'அஞ்சலி' என்று தலைப்பிட்டு எழுதியிருப்பார்கள்.

சார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தப்பு உன்மேல மட்டும் இல்ல தம்பி. நாலு வருஷமா நானும் அந்த ரெசிஸ்டரை மீட்டர் வெச்சுப் பாக்கல. நம்ம கட்டினதுதானேன்னு ஒரு நம்பிக்கை."

கட்டியவருக்கே இந்தக் கதி! இங்கேதான் என் கருத்து தொடங்குகிறது. ஒரு கருவியைக் கட்டுவது பாதி வேலைதான். அதைப் பராமரிப்பதுதான் மீதி. அந்த மீதிப் பாதியைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இதைச் சொன்னால் மூன்று விதமாக எதிர்ப்பு வருகிறது. மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது: "வால்வா? அது தாத்தா காலத்துச் சமாச்சாரம்டா!" உண்மைதான். இன்று 50 வோல்ட்டில் ஓடும் எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர்கள் பல நூறு வாட் கொடுக்கின்றன. ஃபிலமென்ட் சூடாகும் வரை காத்திருக்க வேண்டாம், டியூனும் பண்ண வேண்டாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெற்றிடக் குழாய் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வீட்டு மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் மேக்னட்ரான் ஒரு வெற்றிடக் குழாய். ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரே எடுப்பதும் வெற்றிடக் குழாயே. அதை விடுங்கள். இன்வெர்ட்டரிலும், யு.பி.எஸ்.ஸிலும், மின்சார வண்டியின் மோட்டார் கன்ட்ரோலரிலும் இருக்கும் கண்டென்சர்கள் வால்வைக் கண்டனவா, டிரான்சிஸ்டரைக் கண்டனவா? பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை காத்துக்கொண்டுதான் இருக்கும். டிப்ளமோ முடித்து நாளை அந்த மூடிகளைத் திறக்கப் போவது யார்? நாம்தானே!

இரண்டாவது எதிர்ப்பு நேர் எதிரானது. "பவர் ஏத்தினா உலகம் பூரா பேசலாம்டா, யூடியூப்ல பாத்துக் கட்டிடலாம்" என்றான் என் வகுப்புத் தோழன் ஒருவன். காயலான் கடையில் பழைய மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் கூட வாங்கிவிட்டான். அவனுக்கு இரண்டு கணக்குச் சொன்னேன். 50 வாட்டை 400 வாட்டாக எட்டு மடங்கு உயர்த்தினால் கிடைப்பது 9 டெசிபல். ஒரு எஸ்-யூனிட் 6 டெசிபல். எனவே கேட்பவரின் மீட்டரில் முள் ஒன்றரை எஸ்-யூனிட்தான் ஏறும்! ஏரியலை உயர்த்திக் கட்டினால் அதில் பாதியாவது செலவில்லாமல் கிடைக்கலாம். அடுத்த கணக்கு: அந்த டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஒரு முனை இரும்பு உடலோடு சேர்த்தே வைக்கப்பட்டிருக்கும். அது தெரியாமல் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார் என்றேன். யோசித்தான். டிரான்ஸ்ஃபார்மர் இப்போது அவன் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதுவே அதற்கு நல்ல வேலை!

உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்பதையும், உரிமத்தில் சொன்ன வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது எதிர்ப்பு பெரியவர்களிடமிருந்து வருவது: "ஆபத்தான சாமானை ஏன் தொடணும்?" இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். தொடாமல் இருப்பது பாதுகாப்பு அல்ல, அது அறியாமை. நீச்சல் தெரியாதவனைக் கிணற்றுப் பக்கம் விடாமல் வளர்த்து, பிறகு கடலில் இறக்கிவிடுவது போன்றது. அன்று நான் கையை நீட்டியது துணிச்சலால் அல்ல. எனக்கு எதுவும் தெரியாது என்பதால்.

சார் அன்று மாலையே பிளீடரை மாற்றினார். ஒன்றுக்குப் பதில் இரண்டு: தலா 2 லட்சம் ஓம், இரண்டும் பேரலலில். ஒன்று செத்தாலும் மற்றொன்று 10 வினாடியில் வேலையை முடித்துவிடும். பெட்டியின் வெளிவாயில் ஒரு ஆர்.எஃப். சோக்கையும் காட்டினார். அனோடு பக்கத்து பிளாக்கிங் கண்டென்சர் ஷார்ட் ஆனால் 2,000 வோல்ட் நேரே மாடி ஏரியலுக்குப் போய்விடும் அல்லவா? அந்தச் சோக் இருந்தால் அது எர்த்துக்குப் போய் ஃபியூஸ் எரியும். மாடியில் துணி காயப்போடும் வீட்டம்மாளைக் காப்பாற்றுவது அந்தச் சின்னச் சுருள்தான்!

பிறகு தன் ஒழுங்கைச் சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மோதிரம், வாட்ச் கழற்று. தனியாக இருக்கும்போது திறக்காதே. பிளக்கைப் பிடுங்கு, எண்ணு, பிறகு குச்சி. குச்சியை உடனே எடுக்காதே, வேலை முடியும் வரை மாட்டியே வை. ஏனென்றால் ஆயில் கண்டென்சர் வடிந்த பிறகும் தானாகக் கொஞ்சம் வோல்ட்டேஜ் திரும்பி எழும். ரொம்ப நாள் சும்மா கிடந்த வால்வுக்கு எடுத்த எடுப்பில் ஹெச்.டி. கொடுக்காதே, முதலில் ஃபிலமென்ட்டை மட்டும் நெடுநேரம் எரியவிடு. ஃபிலமென்ட் வோல்ட்டேஜை சாக்கெட்டிலேயே அளந்து பார், 9.5-க்கும் 10.5-க்கும் நடுவில் இருக்கட்டும். தூசியைத் தங்கவிடாதே, ஈரமும் தூசியும் சேர்ந்தால் ஹெச்.டி. தாவும்.

இதெல்லாம் ஒரு பொழுதுபோக்குக்காகவா என்று கேட்காதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, அன்று போர்ட் பிளேர் என்றிருந்த ஊரில் ஹாம் நிலையத்தோடு இருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் செய்திகளை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது. அன்று வேலை செய்வது, முந்தின நாள் வரை யாரோ பராமரித்த கருவி மட்டுமே.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு லேபிலும் சுவரில் ஒரு டிஸ்சார்ஜ் குச்சி தொங்கட்டும். அதைப் பயன்படுத்தத் தெரியாதவன் முதலாண்டைத் தாண்டக் கூடாது. இரண்டு, ஒரு ஹாம் கிளப் தொடங்குவோம். உரிமத் தேர்வை நாமே சேர்ந்து எழுதுவோம். ரேடியோ சார் போன்ற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தப் பெட்டிகள் எடைக்குப் போகும். பெட்டி போனால் போகட்டும், அவர்கள் கைப்பழக்கம் போகக் கூடாது.

ரெசிஸ்டரை மாற்றி, மூடியைப் பொருத்தியபின் சார் என்னிடம் குச்சியைக் கொடுத்தார். "அடுத்த தடவை நீ திற. நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்றார். பொங்கல் விடுமுறையில் திறந்தேன். பிளீடரில் மீட்டர் வைத்தேன். சரியாக 1 லட்சம் ஓம் காட்டியது.

இருந்தாலும் குச்சியை வைத்தேன். சத்தம் வரவில்லை. அந்த நிசப்தம்தான் இந்த மூன்று வருடத்தில் நான் வாங்கிய முதல் மார்க்.

— இறுதியாண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை