வெள்ளிக்கிழமை பத்து

வெள்ளிக்கிழமை ராத்திரி என் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். சாப்பிட்டு முடித்து, டி.வி.யை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு (நானாகத்தான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு நினைப்பு), ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வாரத்துக்கான பத்துப் பாட்டைப் பொறுக்கி எடுப்பேன். அஞ்சு ரெகே, அஞ்சு ராக். ஒண்ணு விட்டு ஒண்ணு. எவ்வளவு பெரிய கொம்பன் பாடியிருந்தாலும் பதினொன்றாவது பாட்டுக்கு இடமில்லை.

முன்பெல்லாம் இதற்காக ரெக்கார்டிங் கடை வாசலில் தவம் கிடக்க வேண்டும். லிஸ்ட்டையும் அறுபது நிமிஷ காஸெட்டையும் நீட்டினால், 'புதன்கிழமை வாங்க சார்' என்பார்கள். புதன்கிழமை போனால், 'சனிக்கிழமை'. கடைசிப் பாட்டில் கிடார் உச்சத்துக்குப் போகும்போது 'டப்'பென்று டேப் தீர்ந்துவிடும். இப்போது எல்லாம் செல்போனில். சார்ஜ் தீர்ந்தால்தான் பாட்டு நிற்கும்.

லிஸ்ட் தயாரானதும் ஒரே ஓர் ஆளுக்கு அனுப்புவேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூம்மேட். 'மார்லின்னா சிகரெட்டா?' என்று கேட்ட எனக்கு முதல் ரெகே காஸெட்டைப் போட்டுக் காட்டிய புண்ணியவான். வழக்கமாக 'ஓகே' என்று மட்டும் பதில் வரும். போன வாரம் கூடவே ஒரு வரி: 'நாலாவது பாட்டைத் தூக்கிடுடா.'

நாலாவது, எரிக் கிளாப்டன் பாடிய 'ஐ ஷாட் தி ஷெரிஃப்'.

ஏன் தூக்க வேண்டும்? அது புரிய, ஒரு நடை ஜமைக்கா போய் வர வேண்டும்.

கரீபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. 1968-ல் டூட்ஸ் அண்ட் தி மேடல்ஸ் என்ற கோஷ்டி 'டூ தி ரெகே' என்று ஒரு பாட்டுப் போட்டது. ரெகே என்ற பெயர் ஊரெங்கும் பரவியதற்கு அந்தப் பாட்டு ஒரு முக்கியக் காரணம். என் லிஸ்ட்டில் அதுதான் பிள்ளையார் சுழி. ராக்கில் டிரம் நேராக நெஞ்சில் குத்தும். ரெகேயில் முதல் அடியைச் சும்மா விட்டுவிட்டு, மூன்றாவதில் 'தொம்' என்று இறக்குவார்கள். 'ஒன் டிராப்' என்று அதற்குப் பெயர். கிடார் நடுநடுவே 'ச்சக்... ச்சக்' என்று வெட்டும். நம் கச்சேரிகளில் அரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு சொகுசு. ஆபீஸ் டென்ஷனுக்கு அருமருந்து.

இந்தச் சொகுசு ராக் ஆசாமிகளையும் இழுத்தது. பால் சைமன் கிங்ஸ்டனுக்கே போய், அங்கிருந்த வாத்தியக்காரர்களை வைத்து 'மதர் அண்ட் சைல்ட் ரீயூனியன்' பாட்டைப் பதிவு செய்தார். 1972-ல் வெளிவந்தது. தாயும் சேயும் ஒன்று சேரும் உருக்கமான தலைப்பு அவருக்குக் கிடைத்த இடம், ஒரு சைனீஸ் ஹோட்டல் மெனு கார்டு. கோழியும் முட்டையும் சேர்த்துச் செய்த அயிட்டமாம்! இது ரெண்டாவது.

மூன்றாவது, பாப் மார்லியும் வெய்லர்ஸும் 1973-ல் 'பர்னின்' ஆல்பத்தில் கொடுத்த அசல் 'ஐ ஷாட் தி ஷெரிஃப்'. அதையே 1974-ல் கிளாப்டன் பாட, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம். அவர் சொந்தப் பெயரில் அங்கே முதலிடம் பிடித்தது அந்த ஒரே பாட்டுதான். மார்லி யார் என்று தெரியாதவர்கள்கூட விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

இதுவரை சுபம். 1976 ஆகஸ்ட்டில் பர்மிங்ஹாம் மேடையில் கிளாப்டன், குடிபோதையில், வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களையும் கறுப்பர்களையும் இங்கிலாந்தை விட்டு வெளியேறச் சொல்லிப் பேசித் தீர்த்தார். யாருடைய பாட்டால் முதலிடம் வந்ததோ, அந்த ஜனங்களைப் பார்த்து!

ரெட் சாண்டர்ஸ் என்ற போட்டோகிராபரும் நண்பர்களும் கொதித்துப்போய் இசைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ராக் எகெய்ன்ஸ்ட் ரேசிஸம்' என்ற இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பார்க்கில் தி கிளாஷ் என்ற ராக் கோஷ்டியும் ஸ்டீல் பல்ஸ் என்ற ரெகே கோஷ்டியும் ஒரே மேடையில் வாசித்தன. அஞ்சு ராக், அஞ்சு ரெகே என்கிற என் கணக்கு அங்கிருந்து சுட்டதுதான். கிளாப்டன் 2018-ல் அந்தப் பேச்சுக்காக வெட்கப்படுவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

நண்பனுக்கு போன் போட்டேன்.

"பாட்டு என்னடா பண்ணிச்சு? பாடினவன் பண்ணின தப்புக்கு..."

"வாங்கித் தின்னவன் இலையில துப்பினா, நீ அதையும் பரிமாறுவியா?" என்றான்.

பதில் தெரியவில்லை. லிஸ்ட்டைப் பார்த்தேன். அஞ்சாவது, மார்லியின் 'நோ உமன், நோ க்ரை'.

அந்தப் பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் இன்றைக்கும் இருப்பது மார்லி பெயர் இல்லை. வின்சென்ட் ஃபோர்ட். மார்லி வளர்ந்த ட்ரெஞ்ச் டவுன் சேரியில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மனிதர். சர்க்கரை வியாதியில் காலை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். 2008-ல் காலமானார். உண்மையில் எழுதியது யார் என்று சண்டை உண்டு, கோர்ட் வரை போனது. ஆனால் பெயர் ஃபோர்டுடையது. அந்தப் பெயருக்கு உரிய ராயல்டி போய்ச் சேரும். பசித்த காலத்தில் சோறு போட்டவனை மறக்காமலிருக்க இப்படியும் ஒரு வழி.

எனக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"நாலாவதை எடுக்க மாட்டேன்டா. அது கிளாப்டன் எழுதிக் கொடுத்த புரோநோட்டு. கிழிச்சுப் போட்டா கடன் குடுத்தவனுக்குத்தானே நஷ்டம்? மூணாவதா மார்லி, நாலாவதா கிளாப்டன், அஞ்சாவதா ஃபோர்ட். இந்த வரிசையில கேக்கறவனுக்கு யார் யாருக்குக் கடன்னு புரியும்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கரெக்டுதான்," என்றான். "வேலை இல்லாம இருந்தப்ப மூணு மாசம் உன் மெஸ் பில்லை நான் கட்டினேனே... அதுக்கு எந்தப் புரோநோட்டும் எழுதி வாங்கலையேடா!"

முப்பது வருஷத்தில் அவன் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை லிஸ்ட் ரெடி. தலைப்பில் அவன் பெயர். கூடவே ஒரு செக்கும் போகிறது.

வட்டி மட்டும் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.