ஏரியும் சர்வகலாசாலையும்

பழவேற்காடு என்று சொன்னால் பட்டணத்துக்காரர்களுக்குப் பூநாரையும், டச்சுக்காரன் கல்லறையும், நண்டும் இறாலுந்தான் ஞாபகத்திற்கு வருமே ஒழிய, அந்த ஏரிக்கரையிலும் ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணல் திட்டிலும் குப்பம் போட்டுக்கொண்டு, பொழுது விடியுமுன்பே வலையைத் தூக்கித் தோளில் போடுகிற மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது ஞாபகத்திற்கு வருவதில்லை. இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிய உப்பங்கழி இதுதான். இதன் பெரும்பாகம் ஆந்திர தேசத்திலும், தென்கோடி மாத்திரம் நமது பொன்னேரித் தாலுகாவிலும் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து 2023ஆம் வருஷம் ஜூலை 14ந் தேதி சந்திரனுக்கு ஒரு யந்திரத்தை அனுப்பினார்கள். அது ஆகஸ்டு 23ந் தேதி சந்திரனில் இறங்கிற்று. ராக்கெட் விடுகிற நாளிலே சுற்றியுள்ள குப்பத்தார் கடலுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வரும். ஆகவே சந்திரனுக்கு வழி கண்ட அறிவுக்கும், அன்றைக்கு அடுப்பு எரிய வழி காணாத குப்பத்திற்கும் நடுவில் உள்ள தூரம் சில மைல்தான். அந்தச் சில மைலைப்பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

சமீபத்தில் நாம் அந்தப் பக்கம் போயிருந்தபோது வயதான மீனவர் ஒருவர் நம்மிடம், "ஐயா, பெரிய படிப்புப் படித்தவர்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள். என்ன மீன் பிடித்தாய், எவ்வளவு கடன் வாங்கினாய், உன் வீட்டில் எத்தனை பேருக்கு வியாதி என்று எல்லாம் கேட்டு நோட்டிலே எழுதிக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று ஒருத்தராவது திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னதுண்டா?" என்று கேட்டார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாய் இருந்தது என்றே சொல்லுவோம்.

அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லையா என்றால், நிறையக் கண்டுபிடித்திருக்கிறார்கள். சர்வகலாசாலைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் நடக்கிற வேலையெல்லாம் வெறும் பட்டத்திற்காகச் செய்யும் வீண் வேலை என்று நம்மில் சிலர் பேசுவதை நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஏன் ஒப்புக்கொள்ளமாட்டோம் என்பதற்கு ஐந்து சங்கதிகளை மாத்திரம் எடுத்துச் சொல்லுகிறோம்.

முதலாவது ஜீவசாஸ்திரம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்த சஞ்சீவராஜ் அவர்கள் பல காலம் இந்த ஏரியை ஆராய்ந்து எழுதிய புத்தகத்தை 2006-ல் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் வெளியிட்டது. அவரும் அவரைப்போன்ற மற்றவர்களும் கண்ட உண்மை என்னவென்றால், இந்த ஏரிக்கு உயிர் அதன் முகத்துவாரத்தில் இருக்கிறது என்பதேயாகும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலிலே. குஞ்சு வளர்வது ஏரியிலே. வளர்ந்தபின் மறுபடியும் போவது கடலுக்கே. களி நண்டும் மடவையும் அப்படியே கடலுக்குப் போய்த்தான் இனம் பெருக்க வேண்டும். ஆரணியாற்றிலும் காளங்கியாற்றிலும் தண்ணீர் குறைந்து, கடலோட்டம் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால், குஞ்சு உள்ளே வருவதில்லை. தாய் வெளியே போவதில்லை. கோடையிலே ஏரித் தண்ணீர் கடலைவிட அதிகமாய்க் கரித்துப் போகிறது. பிறகு மீன் எங்கிருந்து வரும்? இதற்கு அம்மன் கோபம் என்று சொல்லி ஆடு வெட்டினால் பூசாரிக்குத் தொடை கிடைக்குமே ஒழிய, முகத்துவாரத்தில் ஒரு கூடை மணலாவது குறையுமா என்று கேட்கிறோம். முகத்துவாரம் அடைத்தால் பாடு போச்சு என்பது அங்குள்ள மீனவனுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அவன் சொன்னால் அது புலம்பல். அதையே அளந்து, எண்ணி, எழுதிக் காட்டினால் சர்க்காரும் மறுக்க முடியாத சாட்சியம். ஆராய்ச்சியின் பிரயோஜனம் இதுதான்.

இரண்டாவது வைத்தியம். சயரோகம் என்னும் காசநோய் வந்தவனை மலையடிவாரத்திலோ, காற்றோட்டமான இடத்திலோ உள்ள ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்தால்தான் பிழைப்பான் என்று வைத்தியர்கள் ஒருகாலத்தில் நம்பினார்கள். அப்படியானால் குடிசையில் இருக்கும் ஏழை சாகவேண்டியதுதான். சென்னைச் சேத்துப்பட்டில் ஏற்படுத்தப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில் 193 ஏழை நோயாளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தை ஆஸ்பத்திரியிலும், மற்றொரு கூட்டத்தை அவரவர் குடிசையிலேயும் வைத்து, இரு கூட்டத்திற்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு நல்ல ஆகாரமும் இல்லை, ஓய்வும் இல்லை, ஒரே அறையில் பலபேர் நெருக்கம். அப்படியிருந்தும் இரு கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததோடு, வீட்டிலிருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகமாய்த் தொற்றவும் இல்லை. 1959-ல் இது வெளியானதும், படுக்கையல்ல, விடாமல் சாப்பிடும் மருந்தே நோயைத் தீர்க்கிறது என்பதை உலகம் ஏற்றுக்கொண்டது. உலகத்து ஏழைகளுக்கு இவ்வளவு பெரிய உபகாரம் செய்தது எந்த ரிஷியும் அல்ல, எந்த மந்திரமும் அல்ல. நமது சென்னைக் குடிசைவாசிகள் தங்கள் உடம்பையே ஒப்புக்கொடுத்து நடந்த பரீட்சையாகும். இன்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்த நோய்க்கு மருந்து காசில்லாமல் கிடைக்கிறது. இருந்தும் இருமிக்கொண்டே மந்திரித்த கயிற்றைக் கட்டிக்கொள்ளுகிறவன் இருக்கிறானென்றால், அந்தச் செய்தியை அவன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகாதவர்கள் பேரிலேயே நாம் குற்றம் சொல்லுவோம்.

மூன்றாவது சட்டம். கடற்கரையெங்கும் இறால் பண்ணைகள் வந்து, வயலும் குடிதண்ணீரும் உப்பானபோது, சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் அவர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பண்ணைகளால் வரும் நாசம் அவற்றின் வருமானத்தைவிட அதிகம் என்று ஆராய்ச்சி நிலையத்தார் கணக்குக் காட்டினார்கள். 1996 டிசம்பர் 11ந் தேதி வந்த தீர்ப்பில், சில்கா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணை வைக்கக்கூடாது என்று நம் ஏரியின் பேரைச் சொல்லியே தடுக்கப்பட்டது. ஆனால் 2005-ல் பார்லிமெண்டு வேறொரு சட்டம் செய்து, அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கிவிட்டது. இதில் நாம் அறியவேண்டியது என்னவென்றால், ஆராய்ச்சி ஒரு தரம் ஜெயித்தால் போதாது. அதைத் தெரிந்துகொண்டு காவல் காக்கிற ஜனங்கள் இருந்தால்தான் அது நிலைக்கும் என்பதாகும்.

நான்காவது சரித்திரம். 1613-ல் டச்சுக்காரர் இங்கே கெல்திரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். வருகிறவர்கள் அவர்களுடைய கல்லறை வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணத் தமிழரான அரசரத்தினம் முதலிய சரித்திர ஆசிரியர்கள் டச்சுக் கம்பெனியின் பழைய தஸ்தாவேஜுகளைப் படித்து, இந்தக் கரையில் நடந்த வியாபாரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். துணியும் வெடிமருந்தும் மாத்திரமா கப்பலேறின? மனிதர்களும் ஏறினார்கள். பஞ்சமும் யுத்தமும் வந்த வருஷங்களில் வயிற்றுக்கில்லாத ஏழைகளை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பட்டேவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாக அனுப்பியிருக்கிறார்கள். விற்றவர்களும் நம் நாட்டார். வாங்கியவர்கள் பைபிள் படித்தவர்கள். எந்தத் தெய்வமாவது நடுவில் வந்து தடுத்ததா? ஸ்தல புராணம் சொல்லாததை ஆராய்ச்சி சொல்லிற்று. விற்கப்பட்டவனின் கதையும் சரித்திரந்தான் என்று எண்ணும்படி செய்வதே கலைப் படிப்பின் யோக்கியதை.

ஐந்தாவது வியாபாரம். இராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆராய்ச்சியாளர் வட கேரளத்துக் கடற்கரையை ஆராய்ந்து 2007-ல் எழுதினார். 1997 முதல் 2001 வரை அங்கே செல்போன் வந்தது. அதற்குமுன் ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவார்கள். சில மைலுக்கப்பால் மீனில்லாமல் வியாபாரிகள் வெறுங்கூடையோடு திரும்புவார்கள். கடலில் இருந்தபடியே விலை கேட்க முடிந்தபின், மீன் கொட்டுவது நின்றது. மீனவனுக்கு லாபம் நூற்றுக்கு 8 பங்கு ஏறிற்று. வாங்குகிறவனுக்கு விலை நூற்றுக்கு 4 பங்கு இறங்கிற்று. நல்ல சங்கதிதான். ஆனால் நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். முன்பணம் வாங்கி வியாபாரியிடம் கட்டுப்பட்ட மீனவன், எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்துதான் என்ன செய்வான்? கையில் செல்போன் இருக்கிறது. கழுத்தில் கடன் இருக்கிறது. ஆகவே ஒரு ஆராய்ச்சி ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவைத் தட்டவேண்டியது நம் வேலை. டாக்டர் பட்டம் வாங்கியவர் சொன்னார் என்று கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுவதும், சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கும்பிட்டு ஏற்றுக்கொள்ளுவதும் ஒன்றேதான். எப்படித் தெரியும், யார் பணத்தில் ஆராய்ந்தாய், எத்தனை பேரைக் கேட்டாய் என்று கேட்கத் தெரிந்தவனே பகுத்தறிவாளன்.

நிற்க, ஆராய்ச்சி என்னும் விளக்கைப் பிறர்மேல் மாத்திரம் திருப்பிக்கொண்டிருந்தால் போதாது. நம் முகத்திலும் திருப்பவேண்டும். பழவேற்காட்டிலே பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களை முறை வைத்து, இன்னாருக்கு இன்ன நாள் என்று பங்கிட்டுக்கொள்ளுவது. இலங்கையில் நீர்கொழும்பிலும் இதே பேரால் இதே மாதிரி முறை உண்டு. சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளும் அறிவை ஆராய்ச்சியாளர்கள் பலர் மெச்சியிருக்கிறார்கள், நாமும் மெச்சுகிறோம். ஆனால் அந்தப் பாடு யாருக்கு? குறிப்பிட்ட குப்பத்தில், குறிப்பிட்ட ஜாதியில், ஆணாய்ப் பிறந்தவனுக்கு. 2008-ல் ஸாரா கோல்தார்ட் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய ஆராய்ச்சியில், ஏரி கெடும்போது பாடு உள்ளவன் நிலையும் இல்லாதவன் நிலையும் எப்படி வேறுபடுகின்றன என்பதை எடுத்துக்காட்டியிருக்கிறார். சேற்றில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்ணுக்கும், இருளருக்கும், ஆதிதிராவிடருக்கும் அந்தப் பங்கிலே இடமில்லை. துறைமுகக்காரனும் பண்ணைக்காரனும் ஏரியைப் பறிக்கிறான் என்று நாம் கூவுகிறோம், கூவவேண்டியதுதான். ஆனால் பக்கத்துக் குப்பத்தானை ஜாதி சொல்லி ஏரிக்கு வெளியே நிறுத்திவிட்டு, ஏரி எல்லோருடையது என்று கோர்ட்டில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? பங்கீடு இருக்கட்டும், ஜாதி போகட்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

கடைசியாக, இவ்வளவு ஆராய்ச்சியும் எந்தப் பாஷையில் இருக்கிறது? அநேகமாய் எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் எழுதிவைத்துக்கொண்டு, நீ படிக்கக்கூடாது என்றார்கள் அன்று. இங்கிலீஷில் எழுதிவைத்துக்கொண்டு, நீ தாராளமாய்ப் படிக்கலாம் என்கிறார்கள் இன்று. குப்பத்தானுக்கு இரண்டிலும் பலன் ஒன்றாகவே முடிகிறது. 2006ஆம் வருஷத்து விதிப்படி ஒரு பெரிய தொழிற்சாலையோ துறைமுகமோ வருமுன், ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். அதற்குச் சுருக்கத்தைத் தாய்பாஷையில் கொடுத்தால் போதும். நூற்றுக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கையும் இங்கிலீஷிலேயே இருக்கலாம். சுருக்கத்தைப் படித்துவிட்டு முழு வாழ்வையும் கொடுத்துவிடு என்றால் இது என்ன நியாயம்?

ஆகையால் நாம் கோருவது இதுதான். குப்பத்திற்குள் நோட்டோடு வருகிற எந்த ஆராய்ச்சியாளரும், வேலை முடிந்ததும் திரும்பி வந்து, ஆணும் பெண்ணும் எல்லா ஜாதியாரும் கூடிய இடத்தில், தாம் கண்டதைத் தமிழில் சொல்லவேண்டும். சர்க்கார், முழு அறிக்கையையும் தமிழில் கொடுக்கவேண்டும். நாகப்பட்டினத்திலுள்ள மீன்வள சர்வகலாசாலைக்குப் பொன்னேரியிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. பழவேற்காட்டுக்குக் கூப்பிடு தூரம். அங்கிருந்து மாதம் ஒருநாள் ஓர் ஆசிரியர் வந்து குப்பத்தில் பேசுவது சந்திரனுக்குப் போவதைவிடக் கஷ்டமான காரியமல்ல.

தோழர்களே! உங்கள் பங்குக்கு, குப்பத்துக்கு ஒரு வாசகசாலை வையுங்கள். படிக்கத் தெரிந்தவர் வாரம் ஒருநாள் படித்துக் காட்டட்டும். கோவிலுக்கு வசூலாகும் பணத்தில் நாலில் ஒரு பங்கைப் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்குங்கள். உங்கள் பெண் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சர்வகலாசாலையிலிருந்து திரும்பி வந்து, முகத்துவாரத்தில் நின்று தண்ணீரின் உப்பை அளக்கிற நாள் வரவேண்டும். அன்றைக்கு அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு அவருடைய பேத்தியே பதில் சொல்லுவாள்.