பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பிறகு போர்மேனிடம் போங்கள்

மாணவர்களே, காரின் ஸ்பார்க் பிளக் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "நமக்கேன் வம்பு, பட்டறையில் விட்டுவிடு" என்பது ஒரு கட்சி. "நாலு பிளக்கைத் திருகுவதற்கா கூலி?" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. கை எட்டும் இடத்தில் பிளக் இருந்தால், அதை மாற்றும் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்ள வேண்டும். கழற்றிய பிளக் ஏதாவது கோளாறைக் காட்டினால், போர்மேனுக்குக் கொடுக்கும் பணத்தில் கஞ்சத்தனம் கூடாது. இதுதான் என் கருத்து.

கெடாவில் இது சின்ன விஷயம் அல்ல. பீடோங், சுங்கை லாலாங், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் பல வீடுகளில் ஒரே ஒரு கார்தான் இருக்கும். அது ஒரு நாள் நின்றால், கூலிம் தொழிற்சாலையில் அப்பாவின் ஷிப்ட் போய்விடும், அம்மாவின் மருத்துவமனைத் தவணை தள்ளிப்போகும்.

முதலில் பிளக் செய்யும் வேலையைப் பார்ப்போம். கார் பேட்டரி தருவது 12 வோல்ட். அதை வைத்து, அழுத்தப்பட்ட பெட்ரோல் கலவைக்குள் பொறியைத் தாவ வைக்க முடியாது. அதனால் மின்சுருள் அந்த 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிக்கும் அதே பாடம். முதல் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் காந்தப்புலம் சரிகிறது. அதிகச் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. பிளக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். பொறி அதைத் தாண்டிக் குதித்துக் கலவையைப் பற்ற வைக்கிறது.

எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால், ஒவ்வொரு பிளக்கும் 1,500 முறை பொறி தர வேண்டும். ஒரு மணி நேரத்தில் 90,000 பொறிகள்! ஒவ்வொரு பொறியும் மின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. இடைவெளி அகல அகல, பொறி தாவுவது கடினமாகிறது. நிக்கல் 1,455 பாகை செல்சியசில் உருகும். இரிடியமோ 2,400 பாகைக்கும் மேல். அதனால்தான் இரிடியம் பிளக் விலை கூடுதல், ஆயுளும் பல மடங்கு கூடுதல். பிளக் தேய்ந்தும் மாற்றாமல் ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், அங்குள்ள வினையூக்கி மாற்றியைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிளக்கின் விலை ஒன்றுமே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். மைவி 1.3-இல் நான்கு பிளக்குகள், ஆக்சியாவில் மூன்று. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்துவிட வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள தூசியை ஊதித் தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். புதிய பிளக்கை முதலில் விரலாலேயே திருகுங்கள். மரை சரியாக உட்கார்ந்தால் லேசாகப் போகும். அடம்பிடித்தால் வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

கடைசி முறுக்கில்தான் ஆபத்து. சிலிண்டர் தலை அலுமினியம், பிளக்கின் மரை எஃகு. இரண்டும் மோதினால் தோற்பது அலுமினியம்தான். முறுக்குவிசை என்பது விசையைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கினால் வருவது. 20 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 10 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 20 நியூட்டன் மீட்டர். பல கார்களுக்கு வேண்டியது இந்த அளவையொட்டித்தான். சரியான எண் உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பலசாலி ஒருவர் முழு பலத்தோடு இழுத்தால் மரை சிதைந்துவிடும். மிச்சம் பிடித்த கூலியைப்போல் பல மடங்கு அதைச் சரிசெய்யச் செலவாகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பீர்கள். கழற்றிய பழைய பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் ஒழுங்காக நடக்கிறது. உலர்ந்த கரி அப்பியிருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகமாக இருக்கலாம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பசை இருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே கசிகிறது. வெள்ளையாக வெந்து கொப்புளம் கண்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மூன்று பிளக்குகள் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கருப்பாகவும் இருந்தால், அந்த ஒரு சிலிண்டரில்தான் கோளாறு.

இங்கே நம் வேலை முடிந்து, போர்மேனின் வேலை தொடங்குகிறது. எண்ணெய் எங்கிருந்து கசிகிறது, வளையத்திலா, வால்வு அடைப்பிலா என்று கண்டுபிடிக்கப் பல ஆண்டு அனுபவமும் கருவிகளும் வேண்டும். நாம் கூலி கொடுக்க வேண்டியது அந்த அறிவுக்குத்தான். உத்தரவாதக் காலம் முடியாத புதிய காரையும், மேலே பல பாகங்களைக் கழற்றினால்தான் பிளக் தெரியும் எஞ்சினையும் தொடாமல் அவரிடமே விட்டுவிடுவது நல்லது.

"எல்லாரும் தாங்களே மாற்றினால் நம் ஆட்களின் பட்டறைப் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விஷயம் தெரிந்த வாடிக்கையாளரால் நல்ல போர்மேனுக்கு நஷ்டம் இல்லை. தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்குபவருக்குத்தான் நஷ்டம். நேர்மையாக வேலை செய்பவரின் திறமை, அந்த வேலையைக் கொஞ்சமாவது தொட்டுப் பார்த்தவருக்குத்தான் புரியும்.

அடுத்த முறை வீட்டுக் கார் பட்டறைக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். "அண்ணே, பழைய பிளக்கைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று மரியாதையோடு கேளுங்கள். பிளக்கின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பழைய பிளக்குகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து நிறம் பாருங்கள். அதற்கு அடுத்த முறை, அப்பாவோடு சேர்ந்து நீங்களே ஸ்பேனரைப் பிடிக்கலாம்.