மேலதிக உரிமமும் எம் கடமையும்

விழாக் காலத்திலே தாம் பயின்ற கல்லூரிக்கு ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் ஆர்வம் பழைய மாணவர் உள்ளங்களிற் பெருகுதல் இயல்பே. முன்னாளில் அவ்வார்வம் மண்டபமாகவும் நூல்நிலையமாகவும் சுற்றுமதிலாகவும் உருப்பெற்றது. இந்நாளிலோ, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் அன்பர்கள் கணினிச் சேவைகளுக்குச் சந்தாக் கட்டித் தரவும் முன்வருகின்றனர். நோக்கம் நன்று, அதனைப் போற்றுகின்றோம். ஆயினும், கட்டடத்துக்கும் சந்தாவுக்கும் உள்ள வேற்றுமையை உணராது கொடுப்பதும் கொள்வதும் நன்மை பயவா என்பது எமது துணிபு. அதனை இம்மலரிலே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முன்னர் மென்பொருள் இறுவட்டிலே வந்தது. ஒருமுறை விலை கொடுத்தால், பயன்படும் வரை அஃது எம்மிடமே இருந்தது. உறுதி முடித்த காணி போன்றது அது. இன்று அலுவலகங்களும் கல்லூரிகளும் கையாளும் மென்பொருள்கள் பல, தொலைவிலுள்ள கணினிகளிலிருந்து இணையத்தின் வழியே வழங்கப்படுகின்றன. 'மேகம்' என அதனை வழங்குவர். அதற்குரிய கட்டணம் தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு எனக் கணிக்கப்படும். ஆதலின் அது குத்தகைக் காணி. குத்தகை தவறினாற் காணி கைமாறும். அதில் யாம் நட்ட வாழையும் அதனோடு போகும். வவுனிக்குளத்து நீரிற் பயிர் செய்யும் மல்லாவி மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இக்குத்தகையின் மேல் இன்னுமொரு குத்தகை உண்டு. அதுவே மேலதிக உரிமம். தமிழ் இலக்கணத்திலே விகுதி தனித்து நில்லாது. பகுதியைச் சார்ந்தே நிற்கும். அவ்வாறே மேலதிக உரிமமும் அடிப்படைச் சந்தா உடையாருக்கே விற்கப்படும். 2023 நவம்பரிலே மைக்ரோசொப்ட் நிறுவனம் 'கோப்பைலட்' என்னும் செயற்கை நுண்ணறிவுத் துணையைப் பெருநிறுவனங்களுக்கு விற்கத் தொடங்கியபோது, ஆள் ஒருவருக்கு மாதம் 30 டொலர் என விலை குறித்தது. 300 பேருக்குக் குறைந்தோர் வாங்கவியலாது என்றிருந்த தடை 2024 ஜனவரியில் நீங்கியது. சிறு நிறுவனங்கள் பெரிதும் கொள்ளும் அடிப்படைச் சந்தா ஒன்றின் விலையோ அந்நாளில் 12.50 டொலர். விகுதிக்குப் பகுதியினும் இருமடங்குக்கு மேற்பட்ட விலை!

பாடசாலைகளின் நிலையும் இதனோடு ஒத்ததே. கூகுள் நிறுவனம் பாடசாலைகளுக்கு வழங்கும் அடிப்படைச் சேவை இலவசம். அதில் நூறு பேர் வரை இணையவழி கூடிப் பாடம் கேட்கலாம். அப்பாடத்தைப் பதிவு செய்து வைத்தல் வேண்டுமெனின், கட்டணப் பதிப்போ ஆசிரியருக்கான மேலதிக உரிமமோ வேண்டும். யானையை விற்றபின் அங்குசத்துக்குப் பேரமா என்பது பழமொழி. இவ்வணிகத்திலோ யானை இலவசம், அங்குசத்துக்கே விலை. இலவசமும் என்றும் ஒரு தன்மையாய் நில்லாது. எல்லையின்றி வழங்கப்பட்ட சேமிப்பிடம், 2022 இல் ஒரு நிறுவனம் முழுவதுக்கும் 100 டெராபைட் என வரையறுக்கப்பட்டது.

இவ்வாறு கூறுவதால், மேலதிக உரிமம் என்பதே தீது என யாம் கொள்ளவில்லை. வேண்டியவர் வேண்டியதற்கு மட்டும் விலை கொடுத்தல் முறையே. அதற்கு மறுதலையான முறையும் குற்றமற்றதன்று. கூகுள் நிறுவனம் 2024 இல் 'ஜெமினி'யைத் தலைக்கு மாதம் 20 டொலர் தொடக்கம் வணிக நிறுவனங்களுக்கு மேலதிகமாக விற்றது. 2025 ஜனவரியில் அதனை அடிப்படைச் சந்தாவோடு சேர்த்துச் சந்தாவின் விலையை உயர்த்தியது. வாங்கியிருந்தோர் மகிழ்ந்திருப்பர், வேண்டாதோரோ தாம் கேளாத பண்டத்துக்கும் விலை கொடுக்க நேர்ந்தது. மைக்ரோசொப்ட் தன் 'ரீம்ஸ்' சேவையை ஏனையவற்றோடு பிணைத்து விற்கின்றது என 2020 இல் 'ஸ்லாக்' நிறுவனம் ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட்டது; 2023 இல் ஐரோப்பாவிலும் 2024 இல் உலகெங்கும் அதனைப் பிரித்து விற்கும் நிலை உண்டாயிற்று. தமிழர் தொடங்கிய சோகோ நிறுவனம் 2017 இல் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட செயலிகளை ஒரே உரிமத்தில் அடக்கியது. எனினும், ஊழியர் அனைவருக்கும் எடுத்தால் ஒரு விலை. வேண்டியவர்க்கு மட்டும் எடுத்தால் தலைக்கு அதனினும் இருமடங்குக்கு மேற்பட்ட விலை. ஆகவே, கட்டிவிற்பதாயினும் பிரித்துவிற்பதாயினும், கணக்கறியாதவனுக்கு இரண்டும் நட்டமே.

யாம் நேரில் அறிந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். வன்னிப் பாடசாலையொன்று, பெயர் வேண்டா. பெருந்தொற்றுக் காலத்திலே அன்பர் சிலர் அப்பாடசாலைக்கு இணையவழிப் பாடச் சேவையொன்றையும் பதிவு செய்யும் மேலதிக உரிமத்தையும் ஓராண்டுக்குப் பெற்றுக் கொடுத்தனர். உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் இரவு பகல் பாராது பாடங்களைப் பதிவு செய்தனர். வீட்டிலே கைத்தொலைபேசி ஒன்றை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் அங்கே பல. பகலில் தொலைபேசி கிட்டாத பிள்ளை இரவிலே அப்பதிவுகளைக் கேட்டுப் பயின்றது. ஆண்டு முடிந்தது. கணக்கு அன்பர் ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சலிலும் கடன் அட்டையிலும் இருந்தது. அவரோ வேலை மாறி வேறு நாடு சென்றுவிட்டார். சந்தா புதுப்பிக்கப்படவில்லை. சேவை நின்றது, பதிவுகளும் மறைந்தன. யாரும் தீங்கு எண்ணவில்லை. யாரும் கணக்கும் எண்ணவில்லை. பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கையிலே, "சேர், அந்தப் பாடம் எங்கே?" என ஒரு மாணவி வினவியபோது விடை கூற வகையின்றி நின்ற ஆசிரியருள் யாமும் ஒருவர்.

பணத்தின் அளவையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் அறுபது பேருக்குத் தலைக்கு மாதம் 30 டொலர் எனின், ஆண்டுக்கு 21,600 டொலர். ஒரு டொலர் 300 ரூபா எனக் கொண்டால், அது ஏறத்தாழ 65 இலட்சம் ரூபா. உண்மையிலே அதனைக் கையாளவிருப்போர் அறுவரே எனின், 2,160 டொலர்; ஏறத்தாழ ஆறரை இலட்சம். அன்றியும், 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவைத் தாண்டியதை யாம் மறந்திலம். டொலரிற் கட்டும் சந்தாவை ரூபாவிற் சேர்த்த நிதியால் நெடுங்காலம் தாங்குதல் எளிதன்று.

"வெளிநாட்டு அன்பர் தருவதைக் கணக்குப் பார்ப்பானேன்?" எனச் சிலர் வினவலாம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் முன்னோர். பனியிலும் இரவு வேலையிலும் ஈட்டிய பொருள் அது. அளவின்றிச் செலவிடுதல் அவ்வுழைப்புக்குச் செய்யும் அவமதிப்பாகும். "ஓர் உரிமத்தை எடுத்துக் கடவுச்சொல்லை ஒன்பது பேர் பகிர்ந்தால் என்ன?" என வினவுவோரும் உளர். மாணவருக்கு நேர்மை கற்பிக்கும் இடத்திலே அது தகாது.

எனவே, கல்லூரிக்கும் சங்கத்துக்கும் யாம் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை. முதலாவதாக, அடிப்படைச் சேவையில் உள்ளவற்றை முற்றாகப் பயன்படுத்தியபின்னரே மேலதிக உரிமத்தை நாடுதல் வேண்டும். லிப்ரே ஒபிஸ், மூடில் ஆகிய இலவச மென்பொருள்களையும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளத்தையும் அறியாது பணம் செலவிடலாகாது. இரண்டாவதாக, உரிமம் யார் யாருக்கு என்பதைப் பெயர் குறித்து எழுதுதல் வேண்டும். ஆண்டு ஒப்பந்தங்களில் இடையிலே எண்ணிக்கையைக் கூட்டுதல் எளிது. குறைப்பதற்குப் பெரும்பாலும் புதுப்பிக்கும் நாள் வரை காத்திருத்தல் வேண்டும். ஆதலாற் குறைவாகத் தொடங்குதலே அறிவுடைமை. மூன்றாவதாக, கணக்குக் கல்லூரியின் பெயரிலே இருத்தல் வேண்டும். அதிபரோடு ஆசிரியர் இருவரேனும் அதன் நிருவாகிகளாதல் வேண்டும். நான்காவதாக, ஒவ்வொரு தவணை முடிவிலும் பாடங்களையும் பதிவேடுகளையும் கல்லூரியின் சொந்தச் சேமிப்பு வட்டிலே படியெடுத்து வைத்தல் வேண்டும். இறுதியாக, மூன்றாண்டுச் சந்தாவுக்குரிய நிதி கையில் இல்லாவிடின் அச்சேவையைத் தொடங்காதிருத்தல் வேண்டும். ஈராண்டு கழியும்போதே, தொடர்வதா விடுவதா என்பதைச் சங்கம் கூடித் தீர்மானித்தல் வேண்டும்.

கட்டடம் கட்டியவர் பெயர் கல்லிலே நிற்கும். சந்தாக் கட்டியவர் பெயர் எங்கும் நில்லாது. ஆயினும், ஆண்டுதோறும் தவறாது கட்டப்படும் சிறு சந்தா, ஒருமுறை எழுப்பிப் பின் பூட்டிவைத்த பெருமண்டபத்தினும் சிறந்ததே. புகழ் கருதாது தொடர்ந்து கொடுப்போரை இவ்விழா ஆண்டிலே கல்லூரி பெறுவதாக! "அந்தப் பாடம் எங்கே?" என இனியொரு பிள்ளை வினவும்போது, "இதோ" என எடுத்துக்காட்டும் நிலையில் எம் ஆசிரியர் இருப்பாராக!