வாஸ்கோடகாமாவிடம் மிளகு இல்லையா?

மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு மசாலாக் கடை. ஜாதிக்காயும் கிராம்பும் ஏலமும் சாக்குச் சாக்காகத் திறந்து கிடக்கும், உள்ளே நுழைந்தாலே தும்மல் வரும் கடைகளில் ஒன்று. அண்ணன் மகளும் அவள் வீட்டுக்காரரும் இரண்டு வயதுப் பிள்ளையோடு கோயம்புத்தூரிலிருந்து கொச்சி பார்க்க வந்திருந்தார்கள். ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மழை பிடிப்பதற்கு முன்பே ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு அவள் கைப்பையிலேயே மடங்கிக் கிடந்ததாம். “இன்னும் போடலையா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“நான்தான் வேண்டாம்னுட்டேனுங்க அத்தை” என்றார் மாப்பிள்ளை. “புதுசா ஒரு ஃப்ளூ வருமாம், உடனே புதுசா ஒரு ஊசி வருமாம். எல்லாம் கம்பெனிக்காரன் வேலைங்க. நம்ம தாத்தா பாட்டியெல்லாம் ஊசியா போட்டாங்க? மிளகும் சுக்கும்தானுங்க.”

கடைக்காரர் விடுவாரா? சுக்கு, மிளகு, மஞ்சள், அதிமதுரம் எல்லாம் இடித்துக் கலந்த பொட்டலம் ஒன்றை நீட்டினார். மேலே கொட்டை எழுத்தில் ‘இம்யூனிட்டி’. “மூணு நாள் இது குடிச்சா மதி சாரே, ஒரு காய்ச்சலும் பக்கத்துல வராது.” மாப்பிள்ளை கை நிறைய வாங்கினார். அண்ணன் மகள் என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன். வீட்டு மாப்பிள்ளையோடு கடைத்தெருவில் சண்டை போடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கட்டுரையில் போடலாம்.

அந்தக் கடையிலிருந்து ஆட்டோ பிடித்தால் கொஞ்ச தூரத்தில் ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயம். உள்ளே தரையில் கம்பி அடைத்த ஒரு கல்லறை. வாஸ்கோடகாமாவை முதலில் புதைத்த இடம் அது. மிளகு மிளகு என்று ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்த மனிதர். மூன்றாம் முறை வைஸ்ராயாக வந்து இறங்கியவர், சில மாதங்களிலேயே 1524 டிசம்பர் 24 அன்று இதே கொச்சியில் நோயில் விழுந்து செத்துப்போனார். மலேரியாக் காய்ச்சல் என்று பெரும்பாலும் சொல்கிறார்கள். போர்ச்சுகீசியரின் மிளகு வியாபாரம் முழுவதும் அவர் அதிகாரத்தின் கீழ். கஷாயம் வைத்துக் கொடுக்க ஒரு பிடி மிளகு கிடைக்கவில்லையா அவருக்கு?

மலேரியா வேறு, ஃப்ளூ வேறு என்று யாராவது கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும். ஒரு காய்ச்சலும் பக்கத்தில் வராது என்று பொட்டலம் விற்றவரிடம் போய் அந்த வித்தியாசத்தை முதலில் சொல்லிவிட்டு வரட்டும்.

மிளகு தின்றால் நோய் வராது என்பது உண்மையானால், உலகத்திலேயே ஆரோக்கியமான தெரு இந்த ஜூ டவுன் தெருவாக இருந்திருக்க வேண்டும். 1957இல் மிளகுக்கென்றே முன்பேர வணிகம் தொடங்கிய சங்கம் இங்கேதான் இருக்கிறது. நூற்றாண்டுகளாக இந்தக் கிடங்குகளின் காற்றே மிளகுக் காற்று. ஆனால் யானைக்கால் நோய்க்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘கொச்சின் லெக்’. ஊரின் பேரே நோய்க்குப் பேராகும் அளவுக்கு இங்கே நோய் இருந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? மிளகுக் கொடி ஏறாத மரமில்லாத கேரளத்தில் கொரோனா 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனது அரசுக் கணக்கு. அவர்கள் வீட்டிலெல்லாம் சுக்கு தீர்ந்துபோயிருந்ததா?

மிளகு ரசத்துக்கு நான் எதிரி இல்லை. தொண்டை கரகரத்தால் நானும் அதைத்தான் வைத்துக் குடிக்கிறேன், இதமாக இருக்கிறது. ஆனால் இன்ன வைரஸ் இப்படி இருக்கும் என்று உடம்புக்கு அடையாளம் காட்ட மிளகுக்குத் தெரியாது. ஊசி செய்கிற வேலை அதுதான். செத்த வைரஸின் துண்டைக் காட்டி, நிஜ ஆள் வரும்போது பிடித்துக்கொள் என்று முன்கூட்டியே பழக்கிவைக்கிறது. செத்த வைரஸ் என்பதால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது. கை வலிக்கலாம், ஓரிரு நாள் உடம்பு லேசாகச் சுடலாம். ஊசி போட்டும் ஃப்ளூ வருமே என்றால், வரலாம். ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகும் அபாயம் குறையும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, அதிலும் இரண்டு வயதுக்கு உட்பட்டதற்கு, அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது தாத்தா பாட்டி. எங்கள் பாட்டி எட்டுப் பெற்றாள், ஐந்து தங்கின. தங்காததைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் திடகாத்திரமாக இருந்தார்கள் என்று சொல்பவர்கள், பிழைத்த தாத்தாவைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். பிழைக்காத தாத்தாவுக்குப் பேரன் ஏது வாட்ஸ்ஆப்பில் வந்து சாட்சி சொல்ல? நம் ஊரில் அத்தனை பிச்சையும் அத்தனை குப்புசாமியும் எப்படி வந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? வரிசையாகப் பிள்ளைகள் செத்த வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்து, தவிட்டுக்கு விற்று வாங்கி, எமன் கண்ணில் படக் கூடாதென்று மட்டமான பேர் வைத்தார்கள். மாரியம்மனுக்கு ஊர் ஊராகக் கூழ் ஊற்றியதும் அம்மை கொண்டுபோன பயத்தில்தான். மாப்பிள்ளை புகழும் அந்தப் பொற்காலத்தின் லட்சணம் இது.

பாரம்பரியம் என்கிறார்களே, தடுப்பூசியும் நம் பாரம்பரியம்தான். 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மைப் பால் குத்தியதுதான் இந்தியாவில் முதல் தடுப்பூசி. குளிர்பெட்டி கிடையாது, ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்து இன்னொரு குழந்தையின் கைக்கு என்று நாடு முழுவதும் போனது. திருவிதாங்கூர் ராணி கௌரி லட்சுமி பாய் 1813இல் அரண்மனையிலேயே குத்திக்காட்டித் தன் குடிகளின் பயத்தைப் போக்கினார். எந்தச் சமூகத்தின் பேரை ஜூ டவுன் தாங்கி நிற்கிறதோ அதே யூதச் சமூகத்தில் ஒடெசாவில் பிறந்த ஹாஃப்கின், 1897 ஜனவரியில் பம்பாயில் தான் கண்டுபிடித்த பிளேக் ஊசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். இருநூறு வருஷத்துக்கு மேலான பழக்கம் இவர்களுக்குப் புதுசு. போன மாதம் அச்சடித்த ‘இம்யூனிட்டி’ பொட்டலம் பாரம்பரியம்!

புது ஃப்ளூ, புது ஊசி என்ற பயத்தையும் பார்த்துவிடுவோம். 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சலுக்கு இந்தியாவில் முதலில் பலியானது புனேயில் ஒரு 14 வயதுப் பள்ளி மாணவி. பள்ளிகளை மூடினார்கள், முகக்கவசத்துக்கு அடிதடி நடந்தது. ஊசி எப்போது வரும், எப்போது வரும் என்று அன்றைக்கு நாம்தான் அலறினோம். இந்தியாவில் செய்த ஊசி 2010 ஜூனில் வந்தது. வந்ததும், அவசரத்தில் செய்தது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டோம். ஃப்ளூ ஊசி என்ற சங்கதி 1940களிலிருந்தே இருக்கிறது. பன்றிக் காய்ச்சலின் அந்த ‘புது’ எச்1என்1 கிருமிக்கான பாகம் பிறகு சாதாரண ஃப்ளூ ஊசிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. வருஷா வருஷம் போட வேண்டியிருப்பதே அது வேலை செய்யாததற்குச் சாட்சி என்று இன்னொரு மேதாவித்தனம். ஃப்ளூ வைரஸ் வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி எந்த வகைகளைச் சேர்ப்பது என்று சொல்கிறது. இப்படிப் பேசுகிறவர்கள் போன வருஷப் பஞ்சாங்கத்தை வைத்து இந்த வருஷம் முகூர்த்தம் குறிப்பார்களா?

நடிகர் விவேக் பேரை இழுக்காமல் இந்தப் பேச்சு முடிவதே இல்லை. 2021 ஏப்ரல் 15 அன்று கொரோனா ஊசி போட்டுக்கொண்டார், 17 அன்று இறந்தார், ஆகவே ஊசி கொன்றது. மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்திய அரசின் நிபுணர் குழு அதே வருஷம் அக்டோபரில் சொன்னது எந்தக் குடும்பக் குழுவிலும் பகிரப்படவில்லை. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வந்தபோதும் இதே கூத்துதான். ஊசி போடும் நாளில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோர் எத்தனை பேர்! படிப்பறிவுக்குப் பேர்போன கேரளத்தில், மலப்புறத்தில், 2016இல் தொண்டை அடைப்பான் மறுபடி வந்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. அந்த நோய்க்கு ஊசி வந்து எத்தனை தலைமுறை ஆகிறது.

இதே பெற்றோர் மருந்துக்கடையில் சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கி, சளிக்கு மூன்று வேளை ஊற்றுவார்கள். வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அங்கே கம்பெனிக்காரன் கண்ணில் படமாட்டான். சர்க்கரையில் கோகோவைக் கலந்த டப்பாவை ‘ஹெல்த் டிரிங்க்’ என்று வருஷக்கணக்காகப் பாலில் கரைத்துக் கொடுத்தபோதும் கம்பெனிக்காரன் கண்ணில் படவில்லை. ஊசியைப் பார்த்தால் மட்டும் முதலாளித்துவ எதிர்ப்பு பொங்குகிறது.

பள்ளிக்கூடங்கள் பங்குக்கு ‘நூறு சதவீத வருகை’ என்று ஒரு பரிசு. ஆண்டுவிழாவில் மேடையேற்றிக் கோப்பை தருகிறார்கள். காய்ச்சலோடும் இருமலோடும் வேனில் ஏறி, ஒரு வகுப்பு முழுவதற்கும் ஃப்ளூவைப் பங்கிட்டுக் கொடுத்த பிள்ளைக்குக் கைதட்டல். வீட்டில் ஆறு மாதம் ஆகாத தம்பிப் பாப்பா இருந்தால் அதற்கு இந்த ஊசி போடவே முடியாது, வயது போதாது. அக்காவும் அண்ணனும் போட்டுக்கொள்வதுதான் அதற்குக் காவல். கோப்பை தரும் தாளாளருக்கு இதை யார் சொல்வது?

இதிலெல்லாம் எனக்கு அதிகம் எரிவது ஒன்று. முடிவு எடுப்பது அப்பா. ஃபார்வேர்டு படித்தவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருப்பது அம்மா. மறுநாள் லீவு சொல்வதும் அவள். “பிள்ளையைச் சரியாப் பார்த்துக்கலை” என்று மாமியாரிடம் பேச்சு வாங்குவதும் அவள்தான்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் இந்த ஊசியைப் போடச் சொல்கிறது. முதல் தடவை நான்கு வாரம் விட்டு இரண்டு ஊசி, அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. ஆனால் அரசு இலவசமாகப் போடும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பிள்ளைகளுக்கு இது இல்லை. தனியாரிடம் போட்டால் ஒரு ஊசிக்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் நாள்கூலிக்கு மூட்டை தூக்குகிறவரின் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் அந்தப் பணம்? அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஊசி வேண்டாம் என்று எனக்கு வாரம் தவறாமல் ஃபார்வேர்டு வருகிறது. ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடு என்று கேட்டு ஒன்றுகூட வந்ததில்லை.