செய்தியையும் தரம் பார்த்தே வாங்க வேண்டும்

மூலக்கொத்தளத்திலிருந்து துறைமுகம் அதிக தூரமில்லை. கப்பலில் என்ன சரக்கு இறங்கியது என்பதை ஒரு காலத்தில் கிளியரிங் ஏஜெண்டிடமும் லாரி டிரைவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். சொன்னவர் யார், அவர் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்திருந்தது. இன்று அதே செய்தி கடை திறப்பதற்குள் பத்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்துவிடுகிறது. முதலில் சொன்னவர் யார் என்பது மட்டும் தெரிவதில்லை. கொள்முதல் செய்யும் வணிகருக்கு இது சிறிய விஷயமல்ல.

பத்து ரூபாய் நாணயத்துக்கு நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். ரூபாய்க் குறியீடு இல்லாதது போலி என்றார்கள். பதினைந்து கோடுகள் உள்ளது போலி, பத்து கோடுகள் உள்ளதே அசல் என்றும் படம் போட்டு அனுப்பினார்கள். ரூபாய்க் குறியீடு நாணயத்தில் வந்ததே 2011 ஜூலையில்தான். அதற்கு முன் வெளியான நாணயத்தில் அது எப்படி இருக்கும்? ரிசர்வ் வங்கி 2016 நவம்பரில் ஒருமுறை விளக்கம் கொடுத்தது. 2018 ஜனவரி 17 அன்று மறுபடியும் அறிக்கை விட்டு, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. அதன் பிறகும் நம் மாநிலத்தில் பல ஊர்களில் அந்த நாணயம் கல்லாப் பெட்டியைத் தாண்டி உள்ளே போகவில்லை.

வதந்தியைக் கிளப்பியது கைப்பேசியாக இருக்கலாம். அதற்கு முத்திரை குத்தியது கடைதான். “வேண்டாம்மா, நோட்டு இருந்தா கொடுங்க” என்று மளிகைக் கடைக்காரர் சொன்னால், அந்தத் தெருவுக்கு அதுவே ரிசர்வ் வங்கி அறிக்கை. நாணயம் செல்லும் என்று தெரிந்த வணிகர்களே, அடுத்த கடைக்காரர் வாங்கமாட்டாரே என்று மறுத்தார்கள். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாய்க்குக் குறையாத நாணயங்களை 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லத்தக்கதாகக் கொடுக்கலாம். சில்லறைத் தட்டுப்பாடு என்று புலம்பிக்கொண்டே கையில் வந்த சில்லறையைத் திருப்பி அனுப்பிய வியாபாரம் நம்முடையதாகத்தான் இருக்கும்.

இது முழுப் பொய்யின் கதை. முழு உண்மையும் நம்மைக் கெடுக்கும் என்பதற்குப் பருப்பு இருப்பு வரம்பே சாட்சி. 2021 ஜூலை 2 அன்று மத்திய அரசு போட்ட ஆணையில் மொத்த வியாபாரிக்கு 200 டன், அதிலும் ஒரே வகை 100 டன்னுக்கு மேல் கூடாது என்றிருந்தது. ஜூலை 19 அன்று அதையே 500 டன், ஒரு வகை 200 டன் என்று தளர்த்தினார்கள். இடையில் 17 நாட்கள். 2024 ஜூன் 21 அன்று துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் தனியாக வேறொரு ஆணை வந்தது. அதற்குச் செப்டம்பர் 30 வரை என்று கெடு இருந்தது. இந்த மூன்றில் எதன் நகல் கைப்பேசிக்கு வந்தாலும் அது போலியல்ல. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் பழைய ஆணையைப் புதியதென்று நம்பிப் பதறியவர் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளுவதற்காகக் காத்திருந்து வாங்குபவரும் சந்தையில் உண்டு. ஆணையின் எண், தேதி, எதுவரை செல்லும் என்ற மூன்றும் இல்லாத துண்டுப் படத்தைப் பார்த்து ஒரு மூட்டையைக்கூட நகர்த்தக் கூடாது.

விலைச் செய்தி இன்னும் நுட்பமானது. பர்மா உளுந்தில் எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று இரண்டு தரம் நம் துறைமுகத்துக்கு வருகிறது. “உளுந்து டன்னுக்கு இவ்வளவு டாலர்” என்று மட்டும் ஒரு செய்தி சொன்னால், எந்தத் தரம், எந்த மாதக் கப்பல், சென்னை வரை கப்பல் வாடகை சேர்ந்ததா என்று கேட்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. “கப்பல் தாமதம், விலை ஏறும்” என்பதும் இப்படித்தான். கப்பல் தாமதம் என்பது உண்மையாகவே இருக்கும். முன்பே வந்த சரக்கு குடோன்களில் எவ்வளவு கிடக்கிறது என்பதை மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். அனுப்பியவர் கையில் சரக்கு இருக்கிறதா, அல்லது அவர் வாங்கப் போகிறாரா என்று பார்க்க வேண்டும். இறக்குமதியாளரிடம் ஒருமுறை, பருப்பு மில்காரரிடம் ஒருமுறை கேட்டால் போதும். விலை ஏறினால் லாபம் பார்ப்பவரும் நஷ்டப்படுபவரும் ஒரே பதிலைச் சொன்னால் அதை ஓரளவு நம்பலாம். ஒரே தரகர் ஐந்து குழுக்களில் போட்டதை ஐந்து சாட்சி என்று எண்ணுவது, ஒரே மூட்டையை ஐந்து தடவை எடை போடுவது போல.

அரசு சொன்னால் அப்படியே நம்பலாமா என்று கேட்கலாம். ஆணையை நம்பலாம், ஆசையையும் மதிப்பீட்டையும் அப்படி நம்ப முடியாது. 2022-இல் கோதுமை விளைச்சல் 11 கோடி டன்னைத் தாண்டும் என்று முதலில் மதிப்பிட்டவர்கள், கடும் வெயிலுக்குப் பிறகு 10.64 கோடி டன்னாகக் குறைத்தார்கள். அந்த மே 12 அன்று, கோதுமை ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்குக் குழுக்களை அனுப்பப் போவதாகச் செய்தி. மறுநாள், மே 13 அன்று, ஏற்றுமதிக்கே தடை. இரண்டும் டெல்லியிலிருந்து வந்தவைதான். முதல் நாள் செய்தியை நம்பிச் சரக்கு சேர்த்தவர் கதி என்ன ஆகியிருக்கும் என்று வணிகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரசுக்கும் ஒரு பக்கம் உண்டு. விவசாயிக்கு ஒன்றும் வாங்குபவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டிய நிலை அதற்கு.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு வேறொரு தொல்லை, பிளாஸ்டிக் அரிசி. 2017-இல் இந்தப் பேச்சு நாடெங்கும் அடிபட்டது. பிறகு ரேஷனில் செறிவூட்டிய அரிசி வந்ததும் மறுபடி கிளம்பியது. அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகள் அவை. நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கலக்கிறார்கள். நிறம் கொஞ்சம் வேறுபடும், சில மணிகள் தண்ணீரில் மிதக்கும். அதைப் பார்த்துப் பயந்து வரும் அம்மாவிடம் “எனக்குத் தெரியாதும்மா, காலம் கெட்டுப்போச்சு” என்று சொல்லி அனுப்பினால், பிளாஸ்டிக் என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டதாக மாலைக்குள் தெரு முழுதும் பரவிவிடும். இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கிச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் ஒரு கிலோ என்ன விலை, அரிசி ஒரு கிலோ என்ன விலை என்று எந்தக் கலப்படக்காரன்தான் கணக்குப் பார்க்காமல் இருப்பான்?

சங்கத்துக்கு நம் கோரிக்கை ஒன்று உண்டு. அலுவலக வாசலில் ஒரு பலகை வையுங்கள். வரி, இருப்பு வரம்பு, இறக்குமதி பற்றி வரும் ஆணைகளின் முழு நகலை மட்டும் அதில் ஒட்ட வேண்டும். எந்த அரசுத் தளத்தில் எடுத்தது, சரிபார்த்தவர் யார் என்று அடியில் கையெழுத்து இருக்க வேண்டும். காலாவதியான அன்றே கிழித்துவிட வேண்டும். கணினி தெரிந்த பிள்ளைகள் நம் கடைகளிலேயே நிறைய இருக்கிறார்கள். இரண்டு பேர் முன்வந்தால் போதும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறோம்.